சிரித்தபடியே சிவப்பை அமுக்கியவர்

காலையில் திருப்பாச்சூரில் என் தங்கை மகனுக்குக் காது குத்தினார்கள். சாயந்திரம் விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு நானும் தங்கையும் வாடகைக்கு எடுத்த அண்டாக்களைக் கொல்லையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் மேரி போன் செய்தாள். என் கையெல்லாம் சோப்பு நுரை. தங்கை போனை என் காதில் பிடித்தாள்.

"தனம், அக்கா பூட்டாங்கடி."

"எந்த அக்கா?"

"நம்ம கஸ்தூரி அக்காதான். ரோட்டத் தாண்டறப்ப லாரி அடிச்சிட்சி."

அழுகை வருவதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான். "வண்டி எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"எப்பவும் நிக்கிற பக்கம்தான்," என்றாள் மேரி. தங்கைதான் போனை அணைத்தாள்.

எப்படிச் செத்தார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காமல் வண்டி எந்தப் பக்கம் என்று நான் ஏன் கேட்டேன் என்பது எங்களோடு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கஸ்தூரி அக்காவின் காரியத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்கதான் அவங்க கூடவே இருந்தீங்க, எழுதுங்க" என்று என்னிடம் வந்தார்கள். நான் எட்டாவதுக்கு மேல் போகாதவள். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சேதியில் கை வைக்காதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிட்டேன். அட்டையில் விதி முடிந்தது, இறைவன் அழைத்துக்கொண்டான் என்றெல்லாம் போடுவதாக இருந்தால் நான் எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அக்காவை இறைவன் அழைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

நாங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார்களுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறோம். காலையில் கம்பெனி வேன் எங்கள் ஊர்ப் பக்கம் நின்று ஏற்றிக்கொள்ளும். அதில் குறையில்லை. சாயந்திரம் திரும்பி வரும்போது வேன் சென்னைக்குப் போகிற பக்கமாக வரும். ஊர் இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்களை இந்தப் பக்கமே இறக்கிவிட்டு அது போய்விடும். நாங்கள் கையைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹைவேயைத் தாண்டி, நடுவில் இருக்கும் தடுப்பில் ஏறி இறங்கி, மறுபடியும் தாண்ட வேண்டும். வேன் இன்னும் கொஞ்சம் போய், புதுவாயல் கூட்டு ரோட்டில் திரும்பி வந்தால் ஊர் வாசலிலேயே இறங்கலாம். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்தான் கூட ஆகும். அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தினமும் முனுசாமி மாமா மொபெட்டோடு நிற்பார். அக்காவின் புருஷன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. அவருக்கு ஷிப்ட் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்து, டீ போட்டு, ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுக்க மாட்டார் அக்கா. ரோட்டோரம் மொபெட்டில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் பாட்டில் மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். நாங்கள் கேலி செய்வோம். "இன்னாக்கா, ஊட்டுல டம்ளர் இல்லியா?" அக்கா மூடியைத் தூக்கிக் காட்டுவார். "ஊட்டுக்குப் போனா நான் சோறாக்கணும், அது தண்ணி புடிக்கணும். எங்களுக்கு இதான்டி பார்க்கு, பீச்சு எல்லாம்."

அப்படிப்பட்டவர் அவர். ஒன்றுமில்லாததில் ஒன்றைக் கண்டுபிடித்து அனுபவிப்பார். வேனில் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டுக்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும். ஏரி ஓரம் வண்டி வளையும்போது அங்கேதான் காற்று வரும். அந்த வளைவு வந்ததும் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அக்கா கையைக் காட்டி நிறுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். வளைவு முடிந்த பிறகுதான், "ம், இப்ப சொல்லு" என்பார்.

மார்கழி மாதம் காலை ஷிப்டில் மெஷினிலிருந்து வருகிற முதல் பீஸ் கொதித்துக்கொண்டு வரும். எங்கள் வேலை அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது. அக்கா முதல் பீஸை உடனே சீவ மாட்டார். கொஞ்சம் ஆறவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். எதிரில் நிற்கிற என் கன்னத்திலும் வைப்பார். "பாரு தனம், இந்த டேஷ்போர்டு போற கார்ல யாரோ ஏ.சி. போட்டுக்கினு குளுருதுன்னு உக்காந்துக்கினு இருக்கப் போறான். சூடு நமக்கு வந்துட்சி." சூப்பர்வைசர் முறைப்பார். அக்கா அவரைப் பார்த்தும் சிரிப்பார். "உனக்கும் வேணுமா நைனா?"

இந்தச் சிரிப்பைத்தான் கம்பெனி எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் சென்னையிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வந்தார்கள். கேட்டில் பெரிய படம் ஒன்று வைக்கப் போகிறார்களாம், அதில் ஒரு தொழிலாளி சிரிக்க வேண்டுமாம். நேராக அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்ட் பெண்களுக்கு ஹெல்மெட் கிடையாது. படத்துக்காக ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆண்பிள்ளை அளவு. வைத்ததும் அக்காவின் மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. "அய்யே, உலகமே இருட்டாயிட்சி!" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் போட்டோக்காரர் பிடித்தார். பிடித்து முடித்ததும் ஸ்டோர் ஆள் ஓடிவந்து ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் கேட்டில் அந்தப் படம் இருக்கிறது. பார்க்கிறவர்கள், கம்பெனி எவ்வளவு பாதுகாப்பாக வைத்திருக்கிறது, இந்த அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டோர் ஆளின் கைதான் ஞாபகம் வருகிறது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து கேட்டில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். நாங்கள் அதற்கு மூஞ்சிப் பெட்டி என்று பேர் வைத்தோம். அதில் மூன்று பட்டன். பச்சையில் ஒரு சிரிக்கிற மூஞ்சி, மஞ்சளில் சும்மா ஒரு மூஞ்சி, சிவப்பில் உம்மென்று ஒரு மூஞ்சி. இன்று உங்கள் நாள் எப்படி இருந்தது என்று மேலே எழுதியிருக்கும். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பச்ச, பச்ச, சீக்கிரம் போங்கம்மா" என்பார். வேன் போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் பச்சையை அமுக்கிவிட்டு ஓடுவோம்.

அக்கா வந்தார். பெட்டியை நன்றாகப் பார்த்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டே சிவப்பை அமுக்கினார்.

"யம்மா, தப்பா அமுக்கிட்ட," என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல நைனா, கரெக்டாத்தான் அமுக்கினேன்."

மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. ஒரு வாரம் போனதும் எச்.ஆர். தம்பி அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பிள்ளைதான், படித்துவிட்டு நேராக இங்கே வந்தவர். அக்காவுக்குப் படிப்பு இல்லாததால் பெட்டி புரியவில்லை என்று முடிவு செய்திருந்தார். பெட்டிக்கு முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "இது சந்தோஷம். இது சுமார். இது வருத்தம். நீங்கதான் கம்பெனியிலேயே ரொம்ப சந்தோஷமான ஆளு. அப்போ எதை அமுக்கணும்?" என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இது என்ன கேக்குது சார், நான் எப்படி கீறேன்னா, நாள் எப்படி கீதுன்னா?"

"நாள்தான்."

"அப்ப சரி," என்று மறுபடியும் சிவப்பை அமுக்கினார். "நான் நல்லாத்தான் கீறேன். வண்டிதான் ராங் சைடுல நிக்குது. ஊட்டாண்ட திருப்பி நிறுத்துங்க, பச்சைய அமுக்கி அமுக்கி உங்க பொட்டியவே தேச்சிடறேன்."

அந்தத் தம்பி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அக்கா சொன்ன விதம் அப்படி. சிரித்து முடித்ததும் தம்பி உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சிவப்பு மூஞ்சியின் மேல் செலோ டேப் ஒட்டி, ரிப்பேர் என்று எழுதியிருந்தார்கள். பச்சையும் மஞ்சளும் ரிப்பேர் ஆகவில்லை. அக்கா டேப்புக்கு மேலேயே அமுக்கினார். விளக்கு எரிந்தது. "நல்லாத்தானே வேல செய்யுது, பாவம் அதப்போய் சீக்குன்னு சொல்லிக்கினு," என்றார்.

மேரி, கஸ்தூரி அக்காவைப் போல இல்லை. அவளுக்குக் கோபம் உடனே வந்துவிடும். ஒரு நாள் மழையில் ரோட்டைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டாள். மறுநாள் நேராக ஆபீசுக்குப் போய், "வண்டிய திருப்புவீங்களா மாட்டீங்களா, எவளாவது செத்தாத்தான் திருப்புவீங்களா?" என்று கத்தினாள். அவளுக்கு வாய் நீளம் என்று சொல்லி, பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நாற்றம் தாங்காது. ஒரு மாதம் அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

சிரித்துக்கொண்டு கேட்டால் விளையாட்டு என்கிறார்கள். கத்திக் கேட்டால் திமிர் என்கிறார்கள். அந்தப் பெட்டியில்தான் மூன்று மூஞ்சி வைத்திருக்கிறீர்களே, அதில் எந்த மூஞ்சியோடு வந்து கேட்டால் உங்கள் காதில் விழும்? இதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன். அந்த ஒன்றைக் காட்டிக் கொடுத்திருந்தால் நாங்கள் அதையே மாட்டிக்கொண்டு வந்திருப்போம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கேன்டீனில் வகுப்பு வைத்தார்கள். அன்றாட வாழ்க்கையில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு மேடம் வந்திருந்தார். எங்களை வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு, "சந்தோஷம் வெளியில் இல்லை, உங்களுக்குள்ளேதான் இருக்கிறது. சூழ்நிலையை நம்மால் மாற்ற முடியாது, நம் மனசை மாற்றிக்கொள்ளலாம்" என்றார். குரல் இனிமையாக இருந்தது. யாராவது தங்களுடைய சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் எல்லாரும் அக்காவைத் தள்ளிவிட்டோம்.

அக்கா எழுந்து சொன்னார். ஏரி வளைவுக் காற்றைச் சொன்னார். முதல் பீஸின் சூட்டைச் சொன்னார். பழவேற்காட்டிலிருந்து நாத்தனார் கொடுத்துவிடும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைத் திறந்ததும் ஸ்டாஃப் கேன்டீன் வரைக்கும் வாசனை போய் ஆபீசர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதைச் சொன்னார். "மூக்கப் பொத்துனாலும் நாக்குல தண்ணி ஊறுது மேடம், நான் பாத்துக்கீறேன்" என்றதும் கேன்டீனே சிரித்தது. பாட்டில் மூடி டீயைச் சொன்னார். மேடம் கண் கலங்கிப் போய்க் கை தட்டினார். "பாருங்கள், இவர்தான் உண்மையான உதாரணம்" என்றார்.

அக்கா உட்காரவில்லை. "நீங்க சொன்னது ஒண்ணு கரெக்டு மேடம். சந்தோசம் எங்கிட்டயே கீது. அத யாரும் குடுக்க வோணாம். ஆனா ரோடு எங்கிட்ட இல்ல. அந்த ரோட்டத் தாண்டனாத்தான் எனக்கு அந்த டீ. வண்டிய மட்டும் திருப்பச் சொல்லிட்டுப் போங்க."

இதற்கும் கை தட்டினார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, நன்றாகப் பேசியதற்காக அக்காவுக்கு ஒரு பரிசு கொடுத்தார். மஞ்சள் பஞ்சுப் பந்து. அதில் சிரிக்கிற மூஞ்சி. மனசு சரியில்லாதபோது அதைப் பிசைய வேண்டுமாம். அக்கா அன்று சாயந்திரமே அதை டிரைவர் சேகர் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். "எங்கள ராங் சைடுல இறக்கி விட்டுட்டுப் போறப்ப உனக்கு மனசு சங்கடப்படும்ல, இதப் பெசஞ்சிக்கினே போ." சேகர் அண்ணன் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மேடம் மேல் எனக்கு இப்போதும் ஆத்திரம் ஆறவில்லை. பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சந்தோஷம் உள்ளே இருக்கிறது என்பது அக்காவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதையே சாக்காக வைத்து, கம்பெனிக்காரர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடலாமா? ஒரு மனுஷி இருக்கிறதை வைத்து நிறைவாக வாழத் தெரிந்தவள் என்றால், அவளுக்கு இனி ஒன்றும் தர வேண்டாம் என்று அர்த்தமா? அவளைப் பார்த்து ஆசைப்பட்டீர்களே, அந்தச் சந்தோஷம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மொபெட் மேல் காத்துக்கொண்டிருந்தது. அதனிடம் அவள் உயிரோடு போய்ச் சேருவதற்கு ஒரு வண்டியைத் திருப்பியிருக்கக் கூடாதா?

லாரி அடித்த அன்றைக்கும் மாமா அங்கேதான் நின்றிருந்தார். இதற்கு மேல் அந்தச் சாயந்திரத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவரும் இந்த மலரைப் படிப்பார்.

அடக்கம் முடிந்து நாங்கள் வேலைக்குப் போன நாள் கம்பெனியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேசை போட்டு, கேட்டில் இருக்கும் அதே படத்தைச் சின்னதாக எடுத்து மாலை போட்டிருந்தார்கள். ஹெல்மெட்டோடு சிரிக்கிற படம். கீழே, என்றும் புன்னகை என்று எழுதியிருந்தது. மேசையைக் கொண்டுபோய் மூஞ்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், யாருக்கு அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை. ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்கள். நின்றோம். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். அவரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. "கஸ்தூரி அம்மா எப்போதும் சிரித்த முகம். ஒரு நாளும் எந்தக் குறையும் சொன்னதில்லை. இருப்பதை வைத்து எப்படி மகிழ்ச்சியாக வாழ்வது என்று நமக்கெல்லாம் காட்டியவர். அவசரத்தில் ரோட்டைக் கடந்துவிட்டார். நீங்களும் பார்த்துக் கடக்க வேண்டும்."

பின்வரிசையிலிருந்து மேரி கையைத் தூக்கினாள். "சொன்னாங்க சார்."

"என்னம்மா?"

"கொறை சொன்னாங்க. டெய்லி சொன்னாங்க. தோ, உங்க பக்கத்துல மாட்டிக் கீதே, அந்தப் பொட்டியாண்டதான் சொன்னாங்க. டேப்பு ஒட்டிக் கீது பாருங்க."

அந்த அதிகாரி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். எச்.ஆர். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். வேன், எங்களை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டருடையது என்றது கம்பெனி. ரூட் கம்பெனி போட்டுக் கொடுத்தது என்றார் காண்ட்ராக்டர். ரோடு ஹைவேக்காரனுடையது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். கேட்கக் கேட்க, அக்கா செத்துப்போனது மட்டும்தான் அக்காவுடையது என்று ஆகிவிட்டது.

அன்று சாயந்திரம் வேன் வழக்கமான இடத்தில், எதிர்ப்பக்கத்தில் நின்றது. சேகர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இதை நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி எழுந்திருக்காததைப் பார்த்து இன்னொருத்தி எழுந்திருக்கவில்லை.

"யம்மா, இறங்குங்க. எனக்கு அடுத்த டிரிப்பு கீது."

"திருப்புண்ணே," என்றேன் நான்.

"என்ன பேஜார்ல மாட்டாதம்மா தனம். காண்ட்ராக்டரு திட்டுவாரு."

"போன் போட்டுக் குடு, நாங்க பேசறோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். காண்ட்ராக்டர் எடுத்ததுமே கத்தினார். "இன்னா வெளாட்டு இது? டெய்லி சுத்திக்கினு வர்றதுக்கு டீசல் உங்கப்பனா போடுவான்?"

மேரி போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். "எங்கப்பன் மாட்டு வண்டி ஓட்டுனவரு சார். அது கூட ஊட்டு வாசல்லதான் வந்து நிக்கும்."

வேன் முழுக்கச் சிரித்துவிட்டது. சிரித்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அழுகை வந்தது. அது அக்கா சொல்லியிருக்க வேண்டிய பேச்சு.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. காண்ட்ராக்டர் போனை வைத்துவிட்டார். எச்.ஆர். தம்பி கூப்பிட்டு, நாளைக்கு உட்கார்ந்து பேசலாம், இப்போது இறங்குங்கள் என்றார். நாளைக்கும் இங்கேயே உட்கார்ந்து பேசலாம் சார் என்றோம். ஒருத்தி பையிலிருந்து முறுக்கு எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். அக்காவுடைய ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. யாருக்கும் அதில் உட்கார மனசு வரவில்லை. மேரிதான், "காத்து வீணாப் போவுதுன்னு அக்காவே திட்டும்" என்று என்னைப் பிடித்து அங்கே உட்கார வைத்தாள். சேகர் அண்ணனுக்கும் ஒரு முறுக்கு கொடுத்தோம். அவர் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அந்த மஞ்சள் பந்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு மட்டும் மனசு இல்லியாம்மா? அன்னிக்கு கண்ணாடில நான்தான பாத்தேன்," என்றார். முறுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கூட்டு ரோடு வரைக்கும் போய்த் திரும்பினார். நான் மனசுக்குள் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு டம்ளர் டீ நேரம்கூட ஆகவில்லை.

ஊர் வாசலில் வண்டி நின்றது. மாமா அங்கே மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். இந்த நேரத்துக்கு வீட்டில் உட்கார முடியவில்லை, கால் தானாக வந்துவிடுகிறது என்று பிறகு சொன்னார். அவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்ததால் எங்கள் வண்டி பக்கத்தில் வந்ததைக் கவனிக்கவில்லை. கதவு சரியாக அவருக்கு நேராகத் திறந்தது. படிக்கட்டுக்கும் அவருக்கும் நடுவே ஒரு எட்டுதான் இருந்தது. நான்தான் முதலில் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கீழே தரையைப் பார்த்தார்.

"இவ்ளோதானா தனம்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கானது இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரென்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து வேன் திரும்பி வருகிறது. ஆனால் காண்ட்ராக்டர் சேகர் அண்ணனிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். செத்த வீட்டுக்கு மரியாதையாம், காரியம் முடிகிற வரைக்கும்தான் இப்படியாம், அப்புறம் பழைய ரூட்தானாம். இந்த மலரை நீங்கள் கையில் வாங்குகிற நாளோடு அந்தக் கெடு முடிகிறது. அதனால் வேனில் வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன். நாளைக்கு வண்டி எதிர்ப்பக்கத்தில் நின்றால் யாரும் இறங்காதீர்கள். கத்த வேண்டாம், சண்டை போட வேண்டாம். தின்ன ஏதாவது எடுத்து வாருங்கள். உட்கார்ந்திருப்போம். வீட்டு ஆண்களுக்கும் சொல்கிறேன். பொண்டாட்டி வர நேரமானால் போன் போட்டுத் திட்டாதீர்கள். ரோட்டோரம் வந்து மாமாவோடு நில்லுங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது சின்னச் சின்னதுதான். ஏரி வளைவு வந்தால் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறேன். முதல் பீஸைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறேன். எதிரில் இப்போது புதுசாக ஒரு பெண் நிற்கிறாள். அவள் கன்னத்திலும் வைக்கிறேன். பயந்துபோய்ச் சூப்பர்வைசரைப் பார்க்கிறாள். பழகிவிடும்.

கேட்டில் மேசையை எடுத்துவிட்டார்கள். பெட்டி இருக்கிறது, டேப்பும் இருக்கிறது. தினமும் அதன் மேலேயே சிவப்பை அமுக்கிவிட்டு வருகிறேன். நேற்று எச்.ஆர். தம்பி பார்த்துவிட்டார். "நீங்களுமா அக்கா?" என்றார்.

"ஆமா நைனா," என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அமுக்கினேன்.